பன்னிரண்டு இடது கால்கள்

"அந்தக் காலையும் நீட்டுங்க, நகத்தை வெட்டிவிட்டுடறேன்" என்றாள் மனைவி.

"அது எதுக்கு? சாமியார் கழுவுறது வலது காலைத்தானே" என்றார் டிரைவிங் மாஸ்டர்.

பெரிய வியாழன் பூசையில் பங்குத்தந்தை பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் அவரும் ஒருவர். வலது கால் சோப்பு, எண்ணெய், பவுடர் எல்லாம் கண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இடது கால் பாவம், நாள் முழுக்க கிளட்ச் மிதிக்கிற கால். வெடித்த குதிகாலோடு நாற்காலிக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்தது.

"அத்தானும் வர்றாராம்" என்று மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "அப்படியே ரெண்டு வார்த்தை பேசிடுங்களேன். ஈஸ்டருக்காவது அக்கா வீட்டுல ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்போல இருக்குங்க."

"அந்த ஆளு வந்து பேசட்டும். பாதியில கார்லேர்ந்து இறங்கிப் போனது யாரு?"

அந்த ஆள், மனைவியின் அக்கா வீட்டுக்காரர். மாஸ்டருக்குச் சகலை. பேக்கரி வைத்திருக்கிறார். வேன் ஓட்டக் கற்றுக்கொள்ள மாஸ்டரிடமே வந்தவர், இடது பக்கம் திருப்பச் சொன்னால் வலது பக்கம் திருப்பினார். பின் சீட்டில் நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "இடது வலது தெரியாத ஆளுக்கு வேன் எதுக்கு? தள்ளுவண்டி போதும்." அன்றைக்கு இறங்கிப் போனவர்தான். அதற்கப்புறம் அக்காவும் தங்கையும் போனில் மட்டும்தான் அக்கா தங்கை.

கோயிலில், பீடத்துக்கு முன்னால் வரிசையாக நாற்காலிகள். முதலில் சகலை. அடுத்து, தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் கடிகாரக் கடைக்காரர். மூன்றாவதாக மாஸ்டர்.

"வியாழக்கிழமை ஆண்டவர் குனிஞ்சு சீடர்களோட காலைக் கழுவினார். வெள்ளிக்கிழமை சிலுவையில உயிரை விட்டார். அப்புறம்தான் ஞாயித்துக்கிழமை உயிர்த்தார்" என்று பிரசங்கம் செய்தார் பங்குத்தந்தை. "நாம என்னடான்னா, குனியாமலே நேரா ஞாயித்துக்கிழமைக்குப் போயிடப் பாக்குறோம்."

நன்றாகத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே மாஸ்டர் வலது ஷூவின் கயிற்றைத் தளர்த்தினார்.

தண்ணீர்க் குவளையோடு பங்குத்தந்தை முதல் நாற்காலிக்கு முன் மண்டியிட்டார். சகலை தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு இடது காலை நீட்டினார்.

பங்குத்தந்தை நிமிர்ந்து பார்த்தார். சகலை பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். சரி என்று அவரும் இடது காலையே கழுவித் துடைத்து முத்தமிட்டார். அடுத்து கடிகாரக் கடைக்காரர். அவரும் இடது காலையே நீட்டினார்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வருஷம் இடதாம்" என்று பக்கத்து நாற்காலி கிசுகிசுத்தது. "இடதாம், இடதாம்" என்று செய்தி கடைசி நாற்காலிவரை ஓடியது. கழற்றிய வலது சாக்ஸை அவசர அவசரமாக மாட்டுகிறவர்களும் இடது ஷூவோடு மல்லுக்கட்டுகிறவர்களுமாக வரிசையே அல்லோலகல்லோலப்பட்டது.

வேறு வழியில்லை, மாஸ்டர் இடது ஷூவைக் கழற்றினார். சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே வந்து சபையை எட்டிப் பார்த்தது. பாடகர் குழுவில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மாஸ்டருக்கு அப்படியே நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

பூசை முடிந்ததும் முற்றத்தில் சகலையை மடக்கினார். சண்டைக்கப்புறம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "இன்னுமா உங்களுக்கு இடது வலது தெரியல? எல்லார் மானத்தையும் வாங்கிட்டீங்களே."

"என்ன பண்றது, எனக்கு வாய்ச்ச வாத்தியார் அப்படி" என்றார் சகலை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சகலையும் சிரித்துக்கொண்டே சைக்கிளை நோக்கி நடந்தார்.

"பாத்தியா? இந்த ஆளு வீட்டுக்கா ஈஸ்டருக்குப் போகணுங்கிறே? பேச்சை விடு" என்று மனைவியிடம் பொரிந்தார் மாஸ்டர். அவள் முகம் வாடிப்போயிற்று.

"அவரைத் திட்டாதீங்க தம்பி."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கடிகாரக் கடைக்காரர்தான் சொன்னார். வலது பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே ஏதோ வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே சதைக்குப் பதிலாக இரும்புக் குழாய் தெரிந்தது.

"எனக்கு இருக்கிறது இடது கால் மட்டும்தான். ஃபாதர் கூப்பிட்டப்ப எனக்கும் ஆசைதான். ஆனா நான் மட்டும் இடது காலை நீட்டினா, எல்லாரும் என் வலது காலைத்தானே பாப்பாங்க? அதனால போகப் போறதில்லன்னு பேக்கரியில ரொட்டி வாங்கும்போது சொன்னேன். 'நீங்க தைரியமா வாங்க, இன்னைக்கு பன்னிரண்டு பேரும் இடது காலைத்தான் நீட்டுவோம், அதுக்கு நான் பொறுப்பு'ன்னாரு."

மாஸ்டர் சகலை போன பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா மனுஷனுக்கு நிஜமாவே இடது வலது குழப்பம்தான் போல" என்று சிரித்தார் அவர். "கடைசி நேரத்துல மாத்தி நீட்டிடக் கூடாதேன்னு, இடது கையில பேனாவால புள்ளி வெச்சுக்கிட்டு வந்தாரு."

சகலை அதற்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். மாஸ்டர் ஓடினார்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. ஞாயித்துக்கிழமை நாங்க எத்தனை மணிக்கு வரட்டும்?"