அவளுக்குப் பின்னால்

நகரத்தில் குணசீலன் எப்போதும் மனைவி தமயந்தியின் சைக்கிளுக்குப் பின்னால்தான் வருவார். லாரியோ பஸ்ஸோ இடித்தால் முதலில் தன்னை இடிக்கட்டும் என்று. இருபத்திரண்டு வருடமாக அவள் முதுகைப் பார்த்தே ஓட்டியிருக்கிறார். மலைக்காட்டுக்குள் ஆற்றை ஒட்டிப் போகும் இந்தப் பாதையில் சைக்கிளைத் தவிர வேறு வண்டிக்கு அனுமதியில்லை. இங்கேயும் பின்னால்தான் வந்தார்.

“இங்க எந்த லாரி வரப்போகுது? பக்கத்துல வாங்க.”

தயங்கித் தயங்கி வந்தார். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“யார்கிட்ட பேசுற?”

“உங்ககிட்டதான். தினமும் பேசிக்கிட்டேதான் வர்றேன். ஹார்ன் சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்குது.”

பாதை முடியும் அணைக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது. அவர் மிதிப்பதை மெதுவாக்கினார்.

“முதல்லேருந்து சொல்லு.”