சொந்த வலி

"அடுத்தவன் அழுகையைத் திருடிப் பாடுறவன் பாடகனே இல்ல, பிணந்தின்னி! எங்க மெட்டல்ல ஓடுறது என் சொந்த ரத்தம்."

எங்கள் மெட்டல் இசைக்குழுவின் பாடகன் வேட், எல்லாப் பேட்டியிலும் இப்படித்தான் முழங்குவான். பொய்யும் இல்லை. சின்ன வயதில் அப்பா அவனை விளாசிய ஒரே பெல்ட்டை வைத்து ஆறு ஆல்பம் போட்டுவிட்டோம்.

ஏழாவதற்குள் அவனுக்கு நல்ல மனைவி, நீச்சல் குளம், நிம்மதி எல்லாம் வந்து தொலைத்தன. ஒரு வரிகூட எழுத வரவில்லை.

"திங்கட்கிழமைக்குள்ள பாட்டு வரலன்னா கம்பெனி நம்மளக் கழட்டி விட்டுடும்," என்றான் மேனேஜர் கர்ட்.

சனிக்கிழமை மாலை பேக்கர்ஸ்ஃபீல்டில் வேட் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் டெஸ்ஸா புது கவுன் போட்டுப் பள்ளி நடன விழாவுக்குக் கிளம்பி நின்றாள்.

"நீ போகக் கூடாது," என்றான் வேட்.

"ஏன்ப்பா? இந்த கவுன வாங்கிக் கொடுத்ததே நீதானே?"

"கூடாதுன்னா கூடாது."

அவள் அறைக்குள் ஓடிக் கதவை அறைந்து சாத்தினாள். "நீயெல்லாம் ஒரு அப்பாவா?" என்று தொண்டை கிழியக் கத்தி அழுதாள்.

"பாவம்டா, விட்டுடேன்," என்றேன்.

வேட் உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினான். பிறகு செல்போனில் ரெக்கார்டரைத் தட்டி, கதவின் கீழ் இடுக்கில் மெல்ல வைத்தான்.