நீலத்துக்குள் ஒரு சிலுவை

தாராவி வீட்டில் சாமான்களையெல்லாம் கட்டி முடித்த ஜெபக்கனி, கணவனின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். ஜாபெஸ் பருவநிலை ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவன்.

“ஏங்க, இது நெருள்தான? நாளைக்கு நாம குடிபோற எடம் பூரா நீலமால்லா கெடக்கு?”

“பழைய படம், கனி. அப்போ அங்க கடல்தண்ணி நிக்கிற சதுப்பு. மண்ணடிச்சுத்தான் வீடு கட்டுனாங்க. அதனால மழையும் வெக்கையும் எப்படி மாறுச்சுன்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கேன்.”

அவள் திரையில் விரலை வைத்தாள். நீலத்தின் நடுவே சிலுவை வடிவில் ஒரு கூரை.

“இது நம்ம புதுச் சர்ச்சுல்லா? போன ஞாயித்துக்கெழமதான அங்க அடிக்கல் நாட்டுனோம்?”

ஜாபெஸ் சிரிக்க முயன்றான். சர்ச் கமிட்டியில் அந்தக் கூரையின் பிளானை அவனும் பார்த்திருக்கிறான். படத்தின் மேல்மூலையில் இருந்த ஆண்டைப் பார்த்தான். கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

அவன் திறந்திருந்தது பழைய படம் அல்ல. இனி வரப்போகும் கட்டடங்களையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் கணித்துத் தந்த, 2055ஆம் ஆண்டின் நெருள்.

ஜெபக்கனி ஆண்டைக் கேட்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“ஏங்க, கட்டுன சாமான அவுத்துரட்டுமா?”