பெட்டிக்குள் என்ன

அலுவலகத்தின் அந்தப் பெரிய சி மொழி நிரலில் ‘பெட்டி’ என்கிற தரவு வகைக்குள் என்ன இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த ரெக்ஸ்லின் கேட்டாள். “இதுகூடத் தெரியாம எப்படிம்மா புரோகிராம் எழுதுற?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள் குழுவில் மூத்தவளான சாரதாமணி. தான் சேர்ந்த புதிதில் இதையே கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டவள் அவள்.

பிறகு சாரதாமணி தனியாக உட்கார்ந்து தேடினாள். ஒரு கோப்பு இன்னொன்றைக் கைகாட்டியது, அது வேறொன்றை. ஆயிரம் இடங்களில் பெட்டியை மூடியபடியே கைமாற்றியிருந்தார்கள், பாதி இடங்களில் அவளே. திறக்காதவரை, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலர் கேள்வி கேட்பதில்லை. உள்ளே என்ன என்று சொல்லும் வரையறை எங்குமே இல்லை.

முகம் எரிந்தது. ஒரு பழைய கோப்பின் நடுவே, இரண்டு எண்களும் ஒரு பெயருமாக, வரையறையை அவளே எழுதிவைத்தாள். கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ரெக்ஸ்லினைக் கூப்பிட்டாள்.

“இந்தா, எப்பவும் இங்கதான் இருக்கு. நல்லாத் தேடணும்.”

ரெக்ஸ்லின் குனிந்து பார்த்தாள். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று திரையோரம் சாம்பல் எழுத்தில் காட்டும். இந்த வரிக்கும் காட்டியது: ‘நீங்கள், சற்றுமுன்.’

“இனிமே நல்லாத் தேடுறேன் மேம்,” என்றாள் ரெக்ஸ்லின், அவள் முகத்தைப் பார்க்காமல்.