மூன்று காலில் மடவை

"அது எழுந்துக்காதுடி. உட்டுடு."

கட்டிலில் கிடந்தபடி திருவேங்கடம் சொன்னான். அவன் மனைவி பச்சையம்மா காதில் வாங்கவில்லை. நாயின் வயிற்றுக்கடியில் பழைய சேலைத் துண்டைக் கொடுத்து, இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினாள். மடவை மூன்று காலில் நின்றது. நடுங்கியது. துணியைத் தளர்த்தியதும் சற்று நின்று சரிந்தது.

"பாத்தியா?"

"நேத்து மூணு எண்றதுக்குள்ள உழுந்துச்சு. இன்னிக்கு ஆறு."

நாய் கோட்டையிலிருந்து வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பின்னங்கால் ஒன்று தொடையோடு இல்லை. தோணியைக் கரையேற்றும்போது அடியில் சிக்கிக் கால் நசுங்கியது என்றும், கோட்டையிலிருக்கும் உலாந்தா தேசத்து வெள்ளைக்கார வைத்தியர் எடுத்துவிட்டார் என்றும் அன்று பச்சையம்மா வந்து சொன்னாள். தோணிக்குத் தோணி தாவுகிற குட்டிக்கு, துள்ளுகிற மீனின் பெயரை வைத்து வளர்த்தவன் திருவேங்கடம். அன்று அவன் சாப்பிடவில்லை.

"நாய்க்காகக் கோட்டை வாசல்ல போய் நின்னவ இந்தக் கரையிலயே நீ ஒருத்திதான்."

"உன்னைக் கூப்ட்டேன். வரமாட்டேன்னுட்ட. அது வரமாட்டேன்னு சொல்லல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் பாதத்தில் திருக்கை முள் குத்தி ஒரு மாதம். விரல்கள் கறுத்துவிட்டன. கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதே வைத்தியர் ஒருமுறை வந்து பார்த்தார். கணுக்காலைத் தாண்டுவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பான், தாண்டிவிட்டால் இல்லை என்று துபாசி வீரராகவன் அவர் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொன்னான். திருவேங்கடம் இருவரையும் திட்டி அனுப்பினான்.

"இன்னிக்காவது யோசிச்சியா?" என்றாள்.

"இன்னா யோசிக்கறது? கழி ஊண்டித் தோணி தள்ள ரெண்டு காலு வேணும். நம்ம பாடு வர்ற அன்னிக்கு நான் கரையில குந்தியிருப்பேன். எவனோ போவான். அதுக்கு முழுசாவே போய்ச் சேர்றேன்."

ஏரியில் முறை வைத்து வலை போடுவதைப் பாடு என்பார்கள். தன் முறைக்குத் தோணியில் நிற்க முடியாதவனின் பாடு அடுத்தவனுக்குப் போகும். அவன் சொன்னதில் பொய்யில்லை. அவள் நாயின் பக்கம் குனிந்தாள்.

தையலை நக்காதிருக்க, அடி இல்லாத மீன் பறிக்கூடை ஒன்றை அதன் கழுத்தில் மாட்டியிருந்தாள். மெழுகிய தரை வழுக்கியதால் கிழிந்த வலையை விரித்தாள். வெந்த மீனை முள் எடுத்து ஊட்டினாள். மடவை அதைத் தின்றது. தின்றுவிட்டு அவளைப் பார்த்து உறுமியது.

திருவேங்கடத்துக்குச் சிரிப்பு வந்தது. "ஊட்டறவளைப் பாத்து உறுமுது பாரு. நன்றி கெட்டது."

"வலி. உறுமட்டும்."

ஏழாம் நாள் அது சுவரோரமாக நான்கு எட்டு நடந்தது. பத்தாம் நாள் தையலைப் பிரித்தாள். மறுநாள் தூக்கிக்கொண்டு போய் இடுப்பளவுத் தண்ணீரில் விட்டாள். மூன்று காலும் தண்ணீருக்குள் வேலை செய்தன.

திரும்பி வந்தபோது அவன் கேட்டான்.

"நீந்துச்சா?"

"நீந்துச்சு."

"கட்டிலைத் திருப்பு. வாசல் பக்கமா."

அதற்கடுத்த இரண்டு நாளும் அவன் வாசல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை, அவள் தோணியில் ஏறியதும் மடவை பின்னாலேயே தாவியது. விழுந்தது. மறுபடி தாவியது. இந்த முறை தோணிக்குள் இருந்தது. தோணி ஆடியது. நாய் ஆடி, நின்றது.

"ஏ பச்சை!" குடிசையிலிருந்து கத்தினான். "பாத்தியா? ஒத்தப் பின்னங்கால நடுவுல கொண்டாந்து வச்சிக்கிச்சு!"

அவள் இறங்கி வந்தாள்.

"யாருடி அதுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நிக்கணும்னு இருந்துச்சு, நின்னுச்சு."

அவன் தன் காலைப் பார்த்தான். கறுப்பு கணுக்கால் எலும்பைத் தொட்டிருந்தது.

"கட்டைக்கால் கட்டி, அதை நடுவுல ஊணிக்கினா..." என்றான். முடிக்கவில்லை. பிறகு, "கழி நுனியை இடுப்புல குடுத்துத் தள்ளலாம்."

அவள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"போ. துபாசியைக் கூப்டு. நான் மனசு மாறுறதுக்குள்ள."

பிற்பகலே கட்டிலோடு தூக்கிப்போனார்கள். மடவை கூடவே நொண்டி வந்தது. கோட்டை வாசலில் நின்றுவிட்டது. கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா நொண்டலாம்டா. இரு, வந்துடறேன்," என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே வைத்தியர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். விரலால் அழுத்தினார். தலையாட்டினார். பிறகு பச்சையம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் தலையைக் குனிந்துகொண்டாள். துபாசி அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றான் திருவேங்கடம்.

"ஒண்ணுமில்ல," என்றான் துபாசி.

"சொல்லுய்யா. என் காலு."

வீரராகவன் அவளை ஒருமுறை பார்த்தான்.

"இது கெட்டுப்போன கால், எடுத்துடறேங்கறாரு. 'நாயோட கால் நல்லாத்தானே இருந்துச்சு, அதை எதுக்கும்மா அன்னிக்கு அழுதுக்கிட்டே வெட்டச் சொன்னே'ன்னு கேக்கறாரு."