தூக்கிய கை

மென்பொருள் மாநாட்டில் பேச்சாளர் "கேள்வி இருக்கா?" என்றதும் கை தூக்கினேன். நான் எழுதிய புரோகிராம் திங்கட்கிழமைதோறும் படுத்துவிடும். காரணம் தெரியாமல் ஆபீஸ் பக்கமே வராதே என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். மைக் என்னிடம் வருவதற்குள் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். நான் கையை இறக்கவில்லை. அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அப்படியே தூங்கினேன்.

"உள்ளங்கையில காக்கா கூடு கட்டுதுங்க" என்றாள் என் மனைவி பூங்கோதை.

"கட்டட்டும்."

மறு வருஷம் அதே மாநாடு, அதே பேச்சாளர். கூட்டோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மைக் வந்தது. கேட்டேன்.

"அருமையான கேள்வி சார். அப்புறம் தனியா பேசுவோம்" என்று அவர் அடுத்த கேள்விக்குப் பின்வரிசையைக் காட்டினார்.

நான் இன்னொரு கையையும் தூக்கினேன்.