வறட்சியில் இறங்கிய பனி

"மழையே காணோம் தொர. இப்போ பொதருக்கு நெருப்பு வெச்சா, கீழ ரோட்டுல லோரிக்காரனுக்குக் கண்ணே தெரியாது."

"சொன்னதைச் செய்லா, கங்காணி!"

கங்காணி சிவசாமி நெருப்பு வைத்தார். புகை சாலையை மூடியது. யாரோ ஓட்டி வந்த காய்கறி லோரி, மோட்டார் சைக்கிளில் போனவரை மோதிக் கொன்றது.

"போலீஸ் கேட்டா பனின்னு சொல்லு. இல்லேன்னா லயத்து வீட்டைக் காலி பண்ணு" என்றார் எஸ்டேட் துரை.

இந்த வறட்சியில் ஏது பனி? ஆனாலும் சிவசாமி ஸ்டேஷனில், "ஒரே பனிங்க. கையை நீட்டுனா கை தெரியல" என்றார்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். "அப்போ எஸ்டேட் மேல தப்பில்ல. பனியில மெதுவா ஓட்டாத டிரைவர் மேலதான் கேஸ்."

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்த டிரைவர் காறித் துப்பிவிட்டு, சிவசாமியை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"அப்பா, அது பனியா?"